சவர நோட்டீஸ்

மார்ச் 12, வியாழன்

உலகத்தாருக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: எனக்கு மீசை அரும்பியிருப்பதை அம்மா இன்று ஒப்புக்கொண்டாள்.

அடுத்த செய்தி பக்கத்துத் தோப்புப் பழனிசாமி மாமாவைப் பற்றியது. நாங்கள் இருப்பது கேரள எல்லைக்குள்; அவருக்கோ மலையாளம் வாசிக்க வராது. எங்கள் தெருவுக்கே வாசித்துச் சொல்கிறவன் நான்தான். போன வாரம் கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீஸ் சுவரில் இருந்த நோட்டீஸைக் காட்டிக் கேட்டார்.

"இலவச சவரமுங்க மாமா, பேர் குடுக்கோணுமாம்" என்றேன். தாடியைத் தடவிச் சிரித்துவிட்டு டீசல் வாங்கப் போய்விட்டார்.

அது சவரமில்லை, சௌரோர்ஜமாம் என்று இன்றுதான் தெரிந்தது. மலையாளத்தில் சூரிய சக்தி. டீசல் மோட்டாருக்குப் பதிலாக முழு மானியத்தில் சோலார் மோட்டார். பேர் கொடுக்க நேற்றே கடைசி நாள்.

இன்று அவர் மோட்டார் தோப்பெல்லாம் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. மாமா இருமிக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏன்டா குசும்பா, உன்ற வெளையாட்டுக்கு என்ற சோலார்தான் கெடைச்சுதா?"

"சவரம்னு சொல்லி மொட்டையே அடிச்சுட்டேனுங்க மாமா."

தேங்காய் பொறுக்கியவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "இந்தக் கோடைக்கும் டீசல்தான்" என்று திரும்பிக்கொண்டார்.

எல்லோரும் அதைக் குறும்பு என்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். குறும்பெல்லாம் இல்லை. எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அந்தச் சொல்லில் 'சௌர' என்ற முதல் இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டேன். சவரம் என்றுதான் நானும் நினைத்தேன்.