ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு நூல்

செவ்வாய்க்கிழமை இரவு, பெண்டாங்

இன்று நான் வேலை பார்க்கும் டோபிக் கடையில், சலவைக்கு வந்த இரண்டு வீட்டு வெள்ளைப் பள்ளிச் சட்டைகளை ஒரே இயந்திரத்தில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு சட்டையிலும் அந்தந்த வீட்டுக்கான நிற நூலைக் கட்ட வேண்டும். சோம்பல்பட்டு, நடுவில் ஒரு துண்டை மட்டும் வைத்தேன். வெளியே எடுத்தபோது எது யாருடையது என்று தெரியவில்லை.

"நாளையில இருந்து நீ வர வேணாம்," என்றார் கடைக்கார ஆன்ட்டி.

யூனிவர்சிட்டியில் கணினி படிக்கும் அவர் மகள் மலர் அக்கா, என்னோடு உட்கார்ந்து அளவு பார்த்துப் பிரித்தார். "கம்ப்யூட்டருக்கும் இதே தொல்லதான் லா. ரெண்டு வாக்கியத்த ஒண்ணா சேர்த்துப் படிக்கும். நடுவுல ஒரு குறி இருக்கும். அது பத்தாதுன்னு, ஒவ்வொரு சொல்லையும் எண்களா மாத்தி, அந்த எண்கள்லயும் இது முதல் வாக்கியம், இது ரெண்டாவதுன்னு ஒரு அடையாளத்தக் கூட்டிடுவாங்க."

"ரெண்டுலயும் ஒரே சொல் வந்தா, க்கா?" பள்ளியில் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"அப்பவும் தனித்தனி அடையாளம்தான்."

கம்ப்யூட்டர் படிக்கும்போது, பொருள் புரிய எல்லாச் சொற்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன என்றும் அக்கா சொன்னார். ஆனாலும் தான் எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொன்றும் தன்னோடு வைத்திருக்கிறது. இதை யோசித்தவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. எவ்வளவு எளிது, எவ்வளவு அழகு.

ஆன்ட்டியும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடையைச் சாத்தும்போது, "கம்ப்யூட்டரே கட்டுதாம், உனக்குக் கை வலிக்குதா? காலையில வெள்ளனே வந்து நூல வெட்டி வை," என்றார்.

அலாரம் வைத்துவிட்டேன். தூக்கம்தான் வரவில்லை.