புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்

அத்தை,

இப்படி ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. ஆனால் வேறு எப்படியும் நான் உங்களைக் கூப்பிட்டதில்லை. கடைசி வருடங்களில் அதையும் விட்டுவிட்டேன்.

இன்று மத்தியானம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் உங்கள் பெயரைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்டர் மாறிவிட்டான். புதிதாக வந்தவன் எல்லாரிடமும் மறுபடியும் போலீஸ் சான்றிதழ் கேட்கிறான். கடையில் இருந்த பெண் மாவட்டம், ஸ்டேஷன், வருடம் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். எஃப்.ஐ.ஆர். நம்பரை நான் மனப்பாடமாகச் சொன்னேன். திரையில் விரிந்தது. புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் நீங்கள். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் தாய். சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் நான்.

"யாருக்கா இது, உங்க மாமியாரா? கீறாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பூட்டாங்க" என்றேன். நான் வருத்தப்படுவதாக நினைத்துக்கொண்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்கு வந்தது வருத்தம் இல்லை. செத்துப் போன பிறகும் என்மேல் விரலை நீட்டிக்கொண்டே நிற்கிறீர்களே என்ற எரிச்சல்.

உங்கள் பிள்ளை இறந்த அன்று காலையில் நான் பழையசீவரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். முதல் நாள் இரவு சண்டை போட்டுக்கொண்டு போனது ஊருக்கே தெரியும். அண்ணன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கிணற்றிலிருந்து அவரைத் தூக்கி வரப்பில் படுக்க வைத்திருந்தார்கள். வேட்டியிலிருந்து தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. நீங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தீர்கள். கட்டிக்கொண்டு அழப்போகிறீர்கள் என்று நினைத்து நான் உங்களை நோக்கிக் கையை நீட்டினேன்.

நீங்கள் போலீஸ்காரரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இவளத்தான் கேக்கணும். ராத்திரி சண்ட போட்டுக்கினு பூட்டா. விடியறதுக்குள்ள எம்புள்ள செத்துக்கெடக்கறான். ஆளு வெச்சிக் கீறாளா இன்னான்னு கேளுங்க."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். முடிந்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊரில் அது முடியவும் இல்லை. ரேஷன் கடையில் நான் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவள் பின்னால் நிற்பவளைத் திரும்பிப் பார்ப்பாள். அம்மா வீட்டுக்கு வந்துவிடு என்று அண்ணன் மன்றாடினான். போனால் நீங்கள் சொன்னது நிஜமாகிவிடும். அதனால் அதே வீட்டில், நடுவில் ஓலைத் தட்டி கட்டிக்கொண்டு, உங்கள் அடுப்புப் புகை என் பக்கமும் என் அடுப்புப் புகை உங்கள் பக்கமும் வர, நாம் இரண்டு பேரும் இருந்தோம்.

வாலாஜாபாத் ரோட்டில் வந்து நிற்கும் கம்பெனி வேனில் ஏற எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தபோதுதான் அந்தக் காகிதம் முதல் தடவை தேவைப்பட்டது. சான்றிதழுக்கு மனு போட்டேன். வழக்கு இருக்கிறது என்று திரும்பி வந்தது.

ஸ்டேஷனில் காகித வேலை பார்க்கும் ஏட்டையாவிடம் போய் நின்றேன். "அது முடிஞ்சி போச்சேம்மா. ஃபைலு கோர்ட்டுக்குப் போய்ட்டுது" என்றார்.

"முடிஞ்சிதுன்னு எயுதிக் குடுங்க சார்."

"நானா எயுதித் தர முடியாது. கோர்ட்ல காப்பி வாங்கிக்கினு வா, பாக்கலாம்."

கோர்ட்டில் நகல் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க புகார்தாரரும் இல்ல, குற்றம் சாட்டப்பட்ட எதிரியும் இல்ல. உங்க மேல சந்தேகம், அவ்ளோதான். நீங்க கேக்கணும்னா வக்கீல் வெச்சி, அபிடவிட் போட்டு, ஆர்டர் வாங்கணும். புகார் குடுத்தவங்க வந்து கையெழுத்துப் போட்டா சுலுவா முடியும்."

கம்பெனியில் மாதக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பார்கள். தட்டியைத் தாண்டி உங்கள் பக்கம் வந்தேன். நீங்கள் முறத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

"ஒரு கையெழுத்து வேணும்" என்றேன்.

நிமிரவில்லை. "எதுக்கு?"

சொன்னேன்.

"நீ வேலைக்குப் போறதுக்கு எம்புள்ள கேசு வேணுமா?"

"வேணும்."

கொஞ்ச நேரம் காம்பு கிள்ளினீர்கள். "அதுல இன்னா எயுதிக்கிதுன்னு படிச்சிக் காட்டுவாங்களா?"

"கேட்டா படிப்பாங்க."

"அப்ப வரேன். உனுக்காவ இல்ல."

பஸ்ஸில் நீங்கள் முன்னால் ஏறினீர்கள், நான் பின்னால் ஏறினேன். உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

குமாஸ்தா உள்ளே போய், துணியில் கட்டிய கட்டுகளில் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். தூசியைத் தட்டிவிட்டு உங்கள் புகாரை உரக்கப் படித்தார். 'எனது மருமகளின் நடத்தையில் எனக்குச் சந்தேகம் உள்ளது' என்று அவர் படித்தபோது பக்கத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் தாங்களாகச் சேர்த்து எழுதிக்கொண்டார்கள் என்று ஒரு பொய்யாவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

"நான் சொன்னதுதான். இன்னா இப்ப?" என்றீர்கள்.

குமாஸ்தா சங்கடப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். மோட்டாரைச் சரிசெய்யக் கிணற்றில் இறங்கியவர், கால் தவறி விழுந்து, தலையில் அடிபட்டு, தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார். மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.

"அவ்ளோதானா?" என்று கேட்டீர்கள்.

"அவ்ளோதாம்மா."

"செஞ்சவங்க யாரும் இல்லியா?"

"யாரும் எதுவும் செய்யலம்மா. தவறி வுழுந்துட்டாரு."

அவர் மனுவை உங்கள் பக்கம் நகர்த்தினார். நீங்கள் அதைத் திருப்பித் தள்ளினீர்கள். "நான் போட மாட்டேன். போட்டா இத ஒத்துக்கினா மாதிரி ஆவும்."

அவர் எவ்வளவோ சொன்னார், காப்பிக்குத்தான் கையெழுத்து, வேறொன்றுக்கும் இல்லை என்று. நீங்கள் வெளியே நடந்துவிட்டீர்கள். கோர்ட் வாசலில், வக்கீல்களும் ஜனங்களும் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில், நான் உங்களை மறித்து நிறுத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"உங்க புள்ளய யாராவது கொன்னிருந்தாத்தான் உங்களுக்கு நிம்மதியா?"

"ஆமான்டி" என்றீர்கள். "யாருனா இருந்தா அவன் மூஞ்சப் பாத்துத் திட்டிக்கினு கெடப்பேன். காலு தவறிப் பூட்டான்னா நான் யாரப் போய்த் திட்டறது?"

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"நீதான் கீற."

நான் வேறு பஸ்ஸில் வந்தேன். அன்றைக்கு உங்கள்மேல் இருந்த வெறுப்பில், வீட்டுக்கு வந்து சோறு வடித்துவிட்டு ஒரு வாய் சாப்பிட முடியாமல் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

மாதம் முடிய இருந்தபோது ஒரு சாயங்காலம் தட்டிக்கு மேலாக ஒரு காகிதக் கற்றையை நீட்டினீர்கள். கோர்ட் முத்திரை போட்ட நகல். தனியாகப் போய், விசாரித்து, உங்கள் கோணல் கையெழுத்தைப் போட்டு வாங்கி வந்திருந்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். நீங்கள் நகரவில்லை.

"எல்லாம் எயுதிக்கீறான். ஒன்னுதான் இல்ல" என்றீர்கள். "அன்னிக்கி ராத்திரி இன்னா சண்ட?"

"போலீஸ்ல சொல்லிட்டேன். புருஷன் பொண்டாட்டி சண்ட."

"எதுக்கு?"

"கொழம்பு நல்லால்லன்னு."

"பொய்யி. அவன இட்டுக்கினு தனிக்குடித்தனம் போலாம்னு இருந்த. அவன் வர மாட்டேன்னு இருப்பான். அதான் கோச்சிக்கினு பூட்ட."

நான் பேசாமல் இருந்தேன். அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு உங்கள் பக்கம் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு கோயிலிலும் குழாயடியிலும் அதையே சொன்னீர்கள். மகன் தாயை விட்டுப் போக மாட்டேன் என்றானாம், அதனால் மருமகள் கோபித்துக்கொண்டாளாம். கேட்டவர்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள்.

வேலை கிடைத்தது. வேன் வந்தது. நீங்கள் படுக்கையில் விழுந்ததும் நான்தான் கஞ்சி வைத்தேன், வேறு ஆள் இல்லை. உப்பு இல்லை என்று திட்டிக்கொண்டே குடித்தீர்கள். நான் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வேனுக்கு ஓடினேன். நமக்குள் வேறொன்றும் மாறவில்லை. உங்களைப் பாடையில் தூக்கியபோது நான் அழுகிறேனா என்று பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழவில்லை. அழுகை வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன், உங்கள் காதில் விழாது என்ற தைரியத்தில்.

தனியாகப் போகலாம் என்றது அவர், அன்று இரவு நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார். "எங்கம்மாகூட இனிமே ஒரு நாளு கூட என்னால முடியாதுடி. அது தனியாக் கெடக்கட்டும்" என்றார். நான் வரமாட்டேன் என்றேன். உங்கள்மேல் இருந்த பாசத்தால் இல்லை. தாயையும் பிள்ளையையும் பிரித்தவள் என்ற பெயர் எனக்குத்தான் வரும் என்று தெரியும். அவர் கத்தினார், நானும் கத்தினேன், பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

கோர்ட் வாசலில் அது என் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றபோதும் வந்தது. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பீர்கள், மறுபடி எழுந்திருக்க மாட்டீர்கள். நான் இரக்கப்பட்டு விட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். அப்படிப்பட்ட இரக்கம் எனக்கு உங்கள்மேல் எந்த நாளும் இருந்ததில்லை. அவர் கடைசியாகப் பேசியது என்னோடு. அதை உங்களோடு பங்கு போட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குப் பிடித்த மகனை நீங்கள் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். நிஜமான ஆளை நான் வைத்திருக்கிறேன்.