மூன்று தெரு கூடும் நான்கு முக்குகள்

எப்போதும் எனக்கு நாலடி முன்னால் நடந்த என் சரசக்காவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அழுது தீர்க்க இதை எழுதவில்லை. உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. நல்ல சேதி அக்கா. உங்கள் மேல் தப்பே இல்லை. அது இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் இரண்டு பேரும் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள். டார்ச் அடித்துப் பார்ப்போம், மருந்து ஊற்றுவோம், கதவோரம் ஒட்டிய அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்போம். ஒன்பது வருடம் சேர்ந்தே நடந்தோம்.

நடக்கிற அலுப்புத் தெரியாமல் இருக்க நீங்கள்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்தீர்கள். நம் பகுதியில் எல்லாத் தெருவிலும் நடந்துவிட வேண்டும். ஆனால் எந்தத் தெருவிலும் இரண்டாம் தடவை கால் வைக்கக் கூடாது. எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், எங்கே வேண்டுமானாலும் முடிக்கலாம். எத்தனை விதமாக நடந்து பார்த்தோம்! பழைய படிவங்களின் பின்பக்கமெல்லாம் தெருப்படம். எப்படிப் போனாலும் ஒரு தெருவாவது மிச்சம் நிற்கும். "நாளைக்குப் புடிச்சிரலாம் சாமி" என்பீர்கள். அந்தத் தேடலில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது தெரியுமா?

பிறகு நடந்த பாதையைச் செல்போன் பதிவு செய்கிற ஏற்பாடு வந்தது. புதிதாக வந்த சூப்பர்வைசர் காலைக் கூட்டத்தில் உங்கள் பாதையை எல்லோருக்கும் காட்டினார். ரேஷன் கடைத் தெருவில் கோடு இரண்டு தடவை ஓடியிருந்தது.

"தினமும் ஒரே தெருவுல ரெண்டு வாட்டி நடக்கறீங்க. கொஞ்சம் யோசிச்சா நேரம் மிச்சமாகாதா? இத்தன வருஷம் என்னம்மா பண்ணீங்க?"

"எப்படியெல்லாமோ பாத்தமுங்க சார். ஒண்ணு மிச்சமாயிருதுங்க."

யாரோ சிரித்தார்கள். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. நல்ல வழி ஒன்று எங்கேயோ இருந்து, நமக்குத்தான் தெரியவில்லையோ என்று எனக்கும் சந்தேகம்.

"எனக்குத்தான் மூள பத்தல சாமி. நீ படிச்சவ, நீ பாரு" என்று அன்றைக்குச் சொன்னீர்கள். அதற்கப்புறம் விளையாட்டே இல்லை. சித்திரை வெயிலில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போகிறவரை அந்த நினைப்பு உங்களை விடவில்லையே? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படித்தவள் என்றீர்கள். பள்ளிக்கூடத்தில் தேற்றங்களின் நிரூபணத்தை வரி பிசகாமல் ஒப்பித்து மார்க் வாங்கியவள்தான் நான். அது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் தண்ணித்தொட்டி முக்குக்கு வந்தேன். அங்கே மூன்று தெரு கூடுகிறது. காலையிலேயே ஒன்றில் வந்து இன்னொன்றில் போயிருந்தேன். இப்போது மூன்றாவதில் வந்து நிற்கிறேன். வெளியே போகப் புதுத் தெரு இல்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரு முக்கைக் கடந்து போனால் இரண்டு தெரு செலவாகும். வர ஒன்று, போக ஒன்று. மூன்று தெரு கூடுகிற இடத்தில் இரண்டு தெரு ஒரு ஜோடியாகிவிடும், மூன்றாவது தனியாக நிற்கும். அப்படியென்றால் நடை அந்த முக்கில் தொடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே முடிய வேண்டும். ஒரு நடைக்குத் தொடக்கம் ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான். ஆக, அந்த மாதிரி முக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் தீர்ந்தது. நம் பகுதியில் எத்தனை? விரல் விட்டு எண்ணினேன். தண்ணித்தொட்டி, ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், தறிப்பட்டறை. நான்கு!

முடியாது அக்கா. நம் இரண்டு பேரால் மட்டுமல்ல, யாராலும் முடியாது. நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு வீட்டு அம்மா பயந்துபோய், "ஏனுங்க, எங்கூட்டுத் தொட்டில புழு கெடக்குதுங்களா?" என்றார்.

நூறு தடவை தோற்றபோது, அடுத்த தடவை கிடைத்துவிடுமோ என்ற நமைச்சல்தான் மிஞ்சியது. காரணம் தெரிந்ததும் அது நின்றுவிட்டது. ஏன் முடியவில்லை என்பது கண்ணெதிரே தெரிகிறதே. நிரூபணம் என்பது இதுதானா? இத்தனை நாள் இதையா ஒப்பித்துக்கொண்டிருந்தேன்?

இன்னும் கேளுங்கள். தொட்டி முக்கையும் ரேஷன் கடை முக்கையும் சேர்ப்பது அந்த ரேஷன் கடைத் தெருதான். அதில் இரண்டு தடவை நடந்தால் அந்த இரண்டு முக்கும் சரியாகிவிடும். மீதி இரண்டில் ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்கலாம். நீங்கள் பிள்ளையார் கோயிலில் தொடங்கித் தறிப்பட்டறையில் முடிப்பீர்கள். ஒரே ஒரு தெருவைத்தான் திரும்ப நடந்தீர்கள். அதற்கும் குறைவாக நடக்க வழியே கிடையாது. எந்தக் கணக்கும் போடாமல் எப்படி அக்கா அங்கே போய்ச் சேர்ந்தீர்கள்?

மறுநாள் சூப்பர்வைசரிடம் படம் போட்டுக் காட்டினேன்.

"இன்னும் நல்லா தேடினா வழி கிடைக்கலாமில்ல?" என்றார்.

"கெடைக்காதுங்க சார். எத்தன நாள் தேடுனாலும் கெடைக்காதுங்க. ஏன்னு சொல்றேன், பாருங்க."

பேனாவை வாங்கி அவரே போட்டுப் பார்த்தார். டீ ஆறிப்போனது. நான்கு முக்கையும் ஒவ்வொன்றாக வட்டமிட்டார். "அந்தம்மாவ நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். அடுத்த நாள் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள் நடந்ததுதான் சரியான பாதை என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பேசாமல் நின்றதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். அந்தப் பாரம் முழுதும் போகவில்லை. ஆனால் இப்போது நன்றாகத் தூங்குகிறேன்.

விளையாட்டை மறுபடி தொடங்கிவிட்டேன் அக்கா. போகிற ஊரிலெல்லாம் ஒற்றைப்படையாகத் தெரு கூடுகிற முக்குகளை எண்ணுகிறேன், ஒரே தெரு வந்து முடிகிற முட்டுச்சந்தின் முனையையும் சேர்த்து. ராசிபுரத்தில் தங்கை வீட்டுப் பக்கம் ஆறு. நாமகிரிப்பேட்டையில் ஒரு பகுதியில் எட்டு. அந்த முக்குகளின் எண்ணிக்கை எங்கேயும் ஐந்தோ ஏழோ என்று ஒற்றைப்படையாக வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

எண்ணியதை வைத்து மட்டும் நம்பிவிட மாட்டேன். யாரையும் கேட்கவும் மாட்டேன். காரணத்தை நானே கண்டுபிடிப்பேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

கூடப் பிறக்காமலே கூட நடந்த உங்கள் தங்கச்சி,
பூங்கொடி