சொந்த விருப்பத்தின் பேரில்

நவம்பர் 4
தட்டச்சுக் கடை நகல் இயந்திரத்தில் இன்றும் தாள் சிக்கியது, முதலாளியிடம் திட்டு. மதியம் கடைப்பக்கம் சதவீதம் போனார். தலைமையாசிரியரைப் பள்ளியில் அப்படித்தான் சொல்வோம். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்றால் உயிரை விடுவார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நவம்பர் 6
நான்கு வருடமாகியும் ஆறவில்லை. நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பது வாங்கியதற்கு அப்பாவைக் கூப்பிட்டு, "எப்படியும் பெயில்தான். நீங்களே நிறுத்திட்டதா எழுதிக் குடுத்துடுங்க, மானமாவது தப்பும்" என்றார். அப்பா எழுதினார், 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று. பதற்றத்தில் என் பெயருக்குப் பதில் தங்கை பெயரைப் போட்டுவிட்டார். சதவீதம் அதைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். யாருடைய விருப்பம்? என்னை யார் கேட்டார்கள்? படுபாவி.

நவம்பர் 19
ஓர் அம்மா வந்தார், கூடவே பத்தாம் வகுப்பு மகள். அதே கடிதம் அடிக்க வேண்டுமாம். சதவீதம் அனுப்பியிருக்கிறார்.

"உனக்குப் படிக்கணுமா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"படிக்கணும்க்கா."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கடிதத்தின் மேலும் கீழும் சதவீதம் சொல்லியனுப்பியபடியே அடித்தேன். நடுவில் மட்டும், 'தேர்ச்சி விகிதம் குறையும் என்று தலைமையாசிரியர் வற்புறுத்தியதால் நிறுத்துகிறேன்.' அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கண்டுபிடிச்சுட்டா?" என்றார்.

"அவரு எதையும் படிக்க மாட்டாரு."

நவம்பர் 20
குத்திவிட்டார்! கையெழுத்து, முத்திரை, தேதி, எல்லாம். நகல் எடுத்துக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மாட்டினான்.

டிசம்பர் 2
ஒரு பதிலும் இல்லை. அந்தப் பெண் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாளாம். என் ஆத்திரத்துக்கு அவளைப் பலி கொடுத்துவிட்டேனோ? எனக்கு ஆனது போதாதா — அவளுக்குமா?

டிசம்பர் 15
திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் ஓடிவந்து சொன்னாள். பின்னறைக்குப் போய் அழுதேன்.

டிசம்பர் 18
சதவீதம் கடைக்கு வந்தார். மேலிடம் விளக்கம் கேட்டிருக்கிறது, பதில் அடிக்க வேண்டும். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டு உட்கார்ந்தார். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். பாதியில் நிமிர்ந்து, "நீ நம்ம ஸ்கூல்ல படிச்ச பொண்ணாம்மா?" என்றார்.

"பாதி வரைக்கும் சார்."

அதற்குப் பிறகு அவர் விரல் நகரவில்லை. நிதானமாகப் படிக்கட்டும் என்று மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.