சமையல்காரம்மாவை மிரட்டாதீர்கள்

ரிஸ்வான் மச்சான்,

சிதம்பரம் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டேன். இறால் தொக்கு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சோறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷின் பார்க்க ஆள் வருவார். அவரையும் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், பாவம்.

நேற்று கோபித்துக்கொண்டு படுத்துவிட்டேன். நீங்கள் லேப்டாப்பில் ஆடியது நாம் சேர்ந்து பார்த்த சீரியலை வைத்து வந்த கேம் என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் அதில் வக்கீலாகி, கொலையைப் பார்த்த சமையல்காரம்மாவை மிரட்டினீர்கள். ஜட்ஜ் உங்களை வெளியே அனுப்பிவிட்டார். "சாட்சிய இப்படியா கேப்பாங்க?" என்று சிரித்தேன். "நீ இன்னும் ஒரு சாட்சியக்கூட விசாரிச்சதில்ல, எனக்குச் சொல்ல வந்துட்டியா?" என்றீர்கள். உண்மைதான். வக்கீலாக என் முதல் சாட்சி இன்றைக்குத்தான். அதனால்தான் அவ்வளவு சுருக்கென்று இருந்தது.

காலையில் உங்கள் லேப்டாப்பைத் திறந்து நானும் ஆடினேன். சிரிக்காதீர்கள், பதற்றத்தில் நானும் அந்தம்மாவை மிரட்டினேன். ஜட்ஜ் என்னையும் அனுப்பிவிட்டார்! மறுபடி ஆரம்பித்து, பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்புறம்தான் கேஸ் ஃபைலை எடுத்துப் பையில் வைத்தேன். இன்றைக்கும் அப்படியே கேட்கப்போகிறேன்.

மெஷின் ஆள் சீக்கிரம் போய்விட்டால் பஸ் பிடித்து கோர்ட்டுக்கு வாருங்கள். சாவியை மாடியில் அஸ்மத் மாமியிடம் கொடுங்கள்.

அம்ரீன்

கொலைகாரர் யாரென்று சொல்ல மாட்டேன். நீங்கள் சந்தேகப்படும் டிரைவர் இல்லை.

வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். கை தட்டக் கூடாது. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், ஆனால் நீங்கள் இருந்தால் எனக்குத் தெரியும்.