சார்ஜென்ட் சம்பந்திக்கு ஆறு கேள்விகள்

அன்பு மகள் ஷைனிக்கு,

அப்பா எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க ஆண்டவரை வேண்டுகிறோம். முதலில் முக்கியமான செய்தி. மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து நம் வீட்டில் கூடிய உறவினர் ஒன்பது பேர் இரண்டு மணி நேரம் விவாதித்து, உன் வருங்கால மாமனாருக்கு அனுப்பும் கேள்விகளைக் கோடு போட்ட தாளில் அல்ல, கோடு போடாத தாளில்தான் எழுத வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். பிறகு அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பினார்கள்.

கேள்விகள் எதற்கு என்று கேட்பாய். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் நம் குடும்பத்தில் யாரும் பெண் கொடுத்ததில்லை. பக்கத்து ஆரம்பாக்கத்துப் பையன் என்றால் உன் ஸ்டீவன் சித்தப்பா அந்தத் தெரு டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டு மூன்று தலைமுறை விவரத்தோடு திரும்பிவிடுவான். நீ பார்த்திருக்கும் ஜோமாரின் வீடு பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவில் இருக்கிறது, அங்கே இவனுக்குத் தெரிந்த டீக்கடை இல்லை. ஆகவே டீக்கடையில் கேட்பதைப் பையனின் அப்பாவிடமே கேட்டுவிடுவது என்று ஆறு கேள்வி எழுதினான், அவன் மகன் ஜோஷ்வா ஆங்கிலத்தில் மாற்றினான். அவர் போரில் வீரப் பதக்கம் வாங்கிய சார்ஜென்ட், கொஞ்சம் மரியாதையாகக் கேளுங்கள் என்றேன். "மெடலு இருக்கட்டும்ணா, ஊடு சொந்தமா வாடகையா, அத்தக் கேளு" என்றான்.

இரண்டாம் நாளே பதில் வந்தது, மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கை மாதிரி எண் போட்டு. அதைக் கேட்க ஒன்பது பேரும் மறுபடி நம் வீட்டில் கூடினார்கள். ஒன்று, வீடு சொந்தம், கூரையைப் புயல் இரண்டு முறை கொண்டுபோயிற்று, இப்போது இருக்கிறது. இரண்டு, ஓய்வுக்குப் பிறகு பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் சந்தைக்கும் படகுத்துறைக்கும் ஆள் ஏற்றுகிறார். உடனே ஸ்டீவன், "இன்னாணா இது, மெடல் வாங்கினவரு ஆட்டோ ஓட்டிக்கினு கீறாரா?" என்று நெஞ்சில் கை வைத்தான். இவன் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேனாக நிற்பவன் என்பதை அங்கே யாரும் நினைவுபடுத்தவில்லை. மூன்று, உடம்பு: இடது இடுப்பில் குண்டுச் சில்லு இரண்டு இன்னும் இருக்கிறது, மழை நாளில் நொண்டுவார். நான்கு, குடிப்பழக்கம்: போருக்குப் பிறகு ஆறு வருடம் தினமும் குடித்தார், இப்போது இல்லை, விட்ட தேதியும் எழுதியிருந்தார். இவ்வளவு விவரம் எழுதுகிறவரை நம்பலாமா என்று அரை மணி நேரம் பேசினார்கள். நான் எழுந்து போய்த் தண்ணீர் மோட்டார் போட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாவது கேள்வி, குடும்பத்தில் ஏதாவது களங்கம் உண்டா என்பது. உலகத்தில் எல்லோரும் 'இல்லை' என்று எழுதும் கேள்வி. இவர் உண்டு என்று எழுதிவிட்டார். தெற்குத் தீவில் கலகக்காரர்களோடு நடந்த சண்டையில் ஒரு பாலத்தைக் காக்க இவர் பொறுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தார்களாம். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தும், இன்னும் கொஞ்ச நேரம் தாங்கலாம் என்று இவர்தான் நிறுத்தி வைத்தார். பாலம் தப்பியது, பதக்கம் அதற்குத்தான். திரும்பி வந்தவர்கள் எட்டுப் பேர். வருடா வருடம் அந்தத் தேதியில் இறந்த நால்வரின் வீட்டுக்கும் போகிறார். மூன்று வீட்டில் உட்கார வைக்கிறார்கள், ஒரு வீட்டில் இன்னும் கதவு திறப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று முடித்திருந்தார்.

ஆறாவது, எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஸ்டீவன் மரியாதைக்குச் சேர்த்தது. அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: ஐந்தாவது கேள்விக்கு உங்கள் வீட்டுப் பதிலையும் அனுப்புங்கள்.

ஒன்பது பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். உன் சுகிர்தா அத்தை பம்பாயில் இருக்கிறாள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அவள் இதோ பக்கத்தில், செவ்வாப்பேட்டையில் இருக்கிறாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் புருஷன் அடித்து வீங்கிய முகத்தோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். குடும்ப மானம் என்று சொல்லி அன்று மாலையே நானும் ஸ்டீவனும் அவளைத் திரும்ப ரயில் ஏற்றினோம். பையைத் தூக்கிக் கொடுத்தது நான். அடுத்த முறை அவனை விட்டு வந்தபோது நம்மிடம் வரவில்லை, தனியாக ஒரு அறை பிடித்தாள். அதன் பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் நாங்கள் அவளைக் கூப்பிடவில்லை.

"இல்லன்னு போட்டு அனுப்புணா, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றான் ஸ்டீவன். சிறு மனத்தாங்கல் என்று போடலாம் என்றார் ஒருவர். உன் அம்மா ரோசம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "இன்னாங்க உங்களோட ஒரே பேஜாரு. அந்த மனுசன் கதவு தொறக்காத ஊட்டு வாசல்லகூட வருசா வருசம் போய் நிக்கிறாரு. உங்களுக்குச் செவ்வாப்பேட்டைக்குப் பதினஞ்சு ரூபா டிக்கெட்டு, அதுக்கே பத்தொம்போது வருசமா?" என்றாள். நான் உண்டு என்று எழுதி, நடந்ததையும் எழுதி, கோடு போட்ட தாளிலேயே அனுப்பினேன். இனி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று ஸ்டீவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மறுநாள் சார்ஜென்டிடமிருந்து பதில்: கிடைத்தது, எங்களுக்குச் சம்மதம்.

சனிக்கிழமை செவ்வாப்பேட்டைக்குப் போனேன். சுகிர்தா தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பத்திரிகைல எம் பேரு போடுவியாணா?" என்று மட்டும் கேட்டாள்.

வேலைக்குப் போகுமுன் சாப்பிடு, பிஸ்கட்டைச் சாப்பாடு என்று கணக்குக் காட்டாதே. ஜோமாரின் ஞானஸ்நானச் சான்றிதழை இந்த வாரமே அனுப்பு, இல்லாவிட்டால் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கமாட்டார்கள். ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
பாக்கியநாதன்

பி.கு.: பத்திரிகை நேற்று அச்சாகி வந்தது. அழைப்பவர்கள் வரிசையில் சுகிர்தா பெயர் இருக்கிறது. ஸ்டீவன் பெயர் இல்லை.