அப்பா கொடுத்த செம்பருத்தியும் கூடவே போன எறும்பும்

என் செல்ல மகளுக்கு,

இங்கே உடம்பைப் பொறுத்தவரை எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியும் நன்றாக இருக்கிறீர்களா, கால் வீக்கம் வடிந்ததா, டாக்டர் சொன்னபடி ஒருக்களித்துப் படுக்கிறாயா, இதற்கெல்லாம் முதலில் பதில் எழுது. போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனைக் கையில் எடுத்தால் போதும், உங்கப்பா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நான் சொல்லப்போவது அவர் இல்லாத இடத்தில் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் மியூசியத்தில் என் மேஜையிலேயே, மைக்ரோஸ்கோப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி, வெறும் வயிற்றோடு படிக்காதே.

பிரசவத்துக்கு நாங்கள் வருவது இப்போதைக்கு நடக்காது போலிருக்கிறது. இதை எழுதுவதற்குள் பேனாவை எத்தனை தடவை மூடித் திறந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். லீவை ரத்து செய்துவிட்டார்கள். நம் தெருவையும் அடைத்தாகிவிட்டது. தெருமுனையில் ஒரு கம்பத்தைக் குறுக்கே போட்டு, சீருடை போட்ட இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் போகலாம் வரலாம், ஆனால் மண், தொட்டி, விறகு, பழைய கட்டில், நாற்காலி எதுவும் வெளியே போகக் கூடாது. கைப்பையைக் கூடத் திறந்து உதறிக் காட்ட வேண்டும், செருப்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டை வாங்குவதாக இருந்தவர் ஒரு நாள் வந்து அந்தக் கம்பத்துக்கு அந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு உன் பக்கத்திலேயே வந்துவிடுகிறோம் என்று நான் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு எறும்பு வந்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. வாழ்க்கை முழுக்க எறும்பைக் குண்டூசியில் குத்தி வைத்தவளை ஒரு எறும்பு குத்தி வைத்துவிட்டது என்று எதிர் மேஜை வண்டுக்காரர் சிரிக்கிறார். எங்கள் பிரிவில் வண்டு பார்ப்பவர் அவர், எறும்பு பார்ப்பவள் நான். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர் வண்டுகள் இன்னும் யாரையும் அடைத்து வைக்கவில்லை.

நடந்தது இதுதான். சமையலறைக் குழாயடியில் சின்னதாக, தேன் நிறத்தில் ஒரு வரிசை போனது. எப்போதும் இருக்கும் நம் வீட்டு எறும்புதான் என்று நினைத்தேன். ஆனால் என் கை சும்மா இருக்குமா, ஒரு சின்னக் குப்பியில் ஸ்பிரிட் விட்டு நாலைந்தைப் பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தேன். நம் ஊர் எறும்புக்கு முதுகின் பின்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு குட்டி முட்கள் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. இவற்றுக்கு முள்ளே இல்லை, வழவழவென்று இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அட்டைத் துண்டில் ஒட்டும்போது பசை வழிந்து மூடியிருக்கும் என்று நினைத்துக் கழற்றிக் கழுவி மறுபடி ஒட்டினேன். அப்போதும் இல்லை. எங்கோ கடல் தாண்டிய வெப்பக்காட்டில் பிறந்து, கப்பல் கப்பலாக ஏறி உலகம் சுற்றும் வந்தேறி அது. இந்த நாட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. வண்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பேசாம நம்ம ஊர் எறும்புன்னு எழுதிட்டுப் பொண்ணுகிட்ட கிளம்புங்க மேடம், உங்களைத் தவிர யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது என்றார். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் மனசு சபலப்பட்டது. டிக்கெட் என் பைக்குள் இருந்தது. ஆனால் பெயர்ச்சீட்டில் எழுத உட்கார்ந்தபோது கை உள்ள பெயரைத்தான் எழுதியது, வேறு எழுதப் பழகவில்லை. மறு வாரம் கம்பம் வந்தது. இப்போது நகரம் முழுவதிலிருந்தும் குப்பி குப்பியாக எறும்புகள் என் மேஜைக்கு வருகின்றன. முள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லை, கணக்கெடுப்பு முடியும்வரை நகரக் கூடாது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் கம்பம், ஆபீஸில் குப்பி, நடுவில் நான். மூச்சு முட்டுகிறது கண்ணு. காலையில் பஸ் பிடிக்கப் போகும்போது கம்பத்தடியில் ஒரு தடவை, இறங்கி மியூசியம் வாசலில் ஒரு தடவை என்று பையை உதறிக் காட்டும்போது அழுகை வருகிறது.

இனிமேல்தான் விஷயம். இந்த எறும்பின் ராணிக்குப் பறக்கத் தெரியாது. ஒரு கூட்டில் ஒரு ராணி என்றும் கிடையாது, நிறைய இருக்கும். ஒன்று நாலு வேலைக்காரிகளைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய்ப் பக்கத்தில் புதுக்குடித்தனம் போடும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். ஒரு வருஷம் நடந்தாலும் நம் தெருவைக் குறுக்கே தாண்டாது. அப்படிப்பட்டது உலக வரைபடத்தில் அங்கே ஒரு புள்ளி இங்கே ஒரு புள்ளி என்று தாவிக் கிடக்கிறது என்றால், அதைத் தூக்கிக்கொண்டு போனது மனுஷன். துறைமுகம், நர்சரி, கண்ணாடி வீட்டுத் தோட்டம், ஆஸ்பத்திரி, இப்படிப்பட்ட இடங்களில்தான் புள்ளி விழும். நம் பகுதிக்கும் ஒரு வரைபடம் போட்டு, எறும்பு கிடைத்த வீட்டுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிக்கொண்டே வந்தேன். நம் வீடு, அடுத்த தெருவில் தையல்காரர் வீடு, நடுவில் இருக்கும் வீடுகளில் ஒன்றிலும் இல்லை. அப்புறம் கிளினிக் நர்ஸ் வீடு, கிளினிக் வாசல், அங்கிருந்து ஒரே தாவலில் பேப்பர்க்கடைக்காரர் மொட்டை மாடி. ஆனால் நமக்கு ஒட்டுச்சுவராக இருக்கும் பக்கத்து வீட்டு வாத்தியார் வீட்டில் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், தண்ணீர்க் குழாய் வழியாகப் போயிருக்குமா, குப்பை வண்டியா என்று. எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. அது எறும்பு வரைபடமே இல்லை, உங்கப்பா யார் யாரோடு ராசியாக இருக்கிறார் என்பதன் வரைபடம். கிளை சுவர் தாண்டியது என்று சண்டை போட்டதிலிருந்து வாத்தியாருக்கு மட்டும் அவர் செடி கொடுத்ததில்லை.

உனக்குத்தான் தெரியுமே, துறைமுகத்துப் பக்க நர்சரியிலிருந்து வாங்கி வந்த அந்த அடுக்குச் செம்பருத்தி. யாரைப் பிடித்துப்போனாலும் ஒரு கிளையை வேர்விட வைத்து, தொட்டியிலிருந்தே ஒரு பிடி மண்ணும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். பழகின மண் கூட இருந்தால்தான் செடி ஏங்காது என்பார். அவர் கைராசி, கொடுத்ததெல்லாம் பிடித்துக்கொண்டது, செடியும் சரி, கூடப் போனதும் சரி. அன்று வீட்டுக்கு வந்து, யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். எதற்கு என்று கூடக் கேட்காமல் பெருமையாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். தையல்காரர், நர்சம்மா, கிளினிக் வாசலுக்கு ஒன்று, பேப்பர்க்கடை. நான் ஒட்டிய பொட்டெல்லாம் அவர் விரலில் வரிசையாக நீண்டது. கட்டைவிரல் மட்டும் நீளவில்லை. மடக்கியபடியே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார், என் முகத்திலிருந்தே புரிந்துகொண்டார். அப்புறம் மெல்ல, பாப்பா பெட்டியில ஒண்ணு வச்சேன், உனக்குத் தெரிஞ்சா திட்டுவியேன்னு சொல்லல என்றார். போன தடவை நீ ஊர் திரும்பும்போது, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஸ்வெட்டருக்கு நடுவில். பெட்டியைப் பிரித்தவள் நீ, அப்படியென்றால் உனக்கும் தெரியும், அப்பாவும் மகளும் கூட்டுக் களவாணிகள். ஒரு எறும்புக்காரியின் வீட்டிலிருந்து விமானத்தில் மண் போயிருக்கிறது, எனக்குத் தெரியாமல். உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன், திட்டு வரமாட்டேன் என்கிறது.

அவர் இப்போது வாசலுக்கே வருவதில்லை. டைரக்டரிடம் நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன், ஆட்கள் வந்து தொட்டியை எல்லாம் மூட்டை கட்டி எரிக்கக் கொண்டுபோனார்கள், தெருவுக்கும் தெரிந்துபோனது. தையல்காரர் நேரில் வந்து கத்தவில்லை, அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்போது இவரோடு பேசுவது யார் தெரியுமா, அந்த வாத்தியார்தான். சுவருக்கு மேலே தலையை நீட்டி, உங்க கோபம் எனக்கு நல்லது பண்ணிச்சு சார் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இவரும் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார், பிறகு உள்ளே வந்து படுத்துக்கொண்டார். நீங்கள் மட்டுமாவது பிரசவத்துக்குப் போங்கள், உங்களை யார் தடுக்கிறார்கள் என்றேன். நான் போற இடமெல்லாம் அது வரும், பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு எப்படிப் போவேன் என்கிறார். பெட்டியைக் கீழே இறக்கக் கூட விட மாட்டேன் என்கிறார். கம்பம் எனக்குத் தெருமுனையில் இருக்கிறது, அவருக்கு நெஞ்சுக்குள் இருக்கிறது.

அதனால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உன் ஊர்க் குளிரில் செத்துப்போயிருக்கும் என்று சும்மா இருக்காதே, நீ அதை ஹீட்டர் போட்ட அறையில் ஜன்னலோரம் வைத்து வளர்ப்பாய் என்று எனக்குத் தெரியும், அதற்கு அந்தக் கதகதப்பும் ஈரமும் போதும். தொட்டியடியில் ஒரு அட்டைத் துண்டில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் வை. சற்று நேரம் கழித்துப் பார். ஒன்றும் வரவில்லை என்றால் மறுநாளும் வை. வந்தால் நாலைந்தைப் பிடித்து ஒரு குப்பியில் போடு, மாப்பிள்ளையிடம் நல்ல லென்ஸ் வைத்த கேமரா இருக்கிறதே, முதுகு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பு, முள் இருந்தால் உங்கள் ஊர் எறும்பு வேறு ஏதாவது, பயமில்லை. உங்கப்பா பேச்சைக் கேட்டு வெந்நீர் ஊற்றிவிடாதே. ரகசியமாக உனக்குப் போன் போட்டு அதைத்தான் சொல்லப்போகிறார், சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று. வெந்நீர் பட்டால் தப்பித்த ராணிகள் சுவருக்குள் போய்விடும், அப்புறம் தொட்டிலுக்குள் போவதையும் யாரும் தடுக்க முடியாது. முள் இல்லை என்று நான் சொன்னால், அன்றைக்கே உங்கள் ஊரில் வந்தேறிப் பூச்சிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிடு. அனுமதி இல்லாமல் மண் கொண்டுவந்ததற்கு உன்னைக் கேள்வி கேட்பார்கள், அபராதம் போடலாம், விசாவில் கை வைப்பார்களோ என்றும் எனக்குப் பயம் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடு. என் மகளைக் காட்டிக்கொடு என்று என் மகளுக்கே எழுதுகிறேன், எந்த அம்மாவுக்கும் இந்த நிலைமை வரக் கூடாது. உன் வீட்டுக்கும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டிவந்தால் அதை நான்தான் ஒட்டுவேன், வேறு யாரையும் ஒட்ட விடமாட்டேன்.

மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லு, கோபப்பட்டால் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடு. கனமான எதையும் தூக்காதே, அந்தத் தொட்டியையும் நீ தூக்காதே. குழந்தை நல்லபடியாகப் பிறந்து, உன் மூக்கும் மாப்பிள்ளை பொறுமையுமாக வளர்ந்து, உங்கள் மூவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும். என் கை உன் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொள்.

மறக்காமல் இன்னொன்று. நான் இப்படி எழுதுவது உங்கப்பாவுக்குத் தெரியாது. இன்று காலை நான் செருப்பு மாட்டும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, பாப்பா வீட்டுல அது பூத்துச்சாமா என்று கேட்டார். எறும்பைப் பற்றிக் கேட்கவில்லை. பூத்திருந்தால், ஆட்கள் வந்து செடியைப் பையில் போட்டு வாய் கட்டுவதற்கு முன்னால், அதையும் ஒரு படம் எடுத்து அவருக்குத் தனியாக அனுப்பு.

உன்னைப் பார்க்காமல் தவிக்கும்,
அம்மா